ஜூனியின் பேரில் போட்ட பணம்

மார்லா கோகரிடம் போய், உன் பெண்ணுக்காகப் பணம் திரட்ட ஊர் சேர்ந்து ஒரு விருந்து வைக்கப்போகிறது என்று சொல்ல ஸ்பைசர் கிரீக்கில் ஒருத்தருக்கும் துணிச்சல் வரவில்லை. கடைசியில் அவள் புருஷன் ராய்ஸின் சித்தப்பா ஹோபர்ட்தான் போனார். அவர் ஊர்த் தீயணைப்புப் படையின் தலைவர். எரிகிற வீட்டுக்குள் யோசிக்காமல் நுழைகிறவர். அவரே அன்றைக்கு வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தயங்கி நின்றார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"உள்ள வாங்க மாமா. கதவைத் திறந்து வச்சா ஜூனிக்குக் குளிரும்."

"இல்லம்மா, ஒரு விஷயம்..."

"விருந்து வைக்கப் போறீங்க. காலையிலயே பஸ்ல பிள்ளைங்க சொல்லிடுச்சுங்க. வேணாம்."

"நான் இன்னும் வாயே திறக்கலையே!"

"திறக்காதீங்க. காபி வேணுமா?"

காபி குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

மார்லாவின் கோபம் ஊரறிந்த கோபம். மேற்கு வர்ஜீனியாவின் மலைப்பாதையில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள் சாது முகத்தோடு இருந்தால் பின்சீட்டுப் பயல்கள் தலையில் ஏறி மிளகாய் அரைத்துவிடுவார்கள். கண்ணாடியில் அவள் ஒரு பார்வை பார்த்தால் போதும், கடைசி வரிசை வரைக்கும் வாய் மூடிக்கொள்ளும். ஏப்ரல் மாதத்தில் மட்டும் அவள் பாச்சா பலிக்காது. அப்போதுதான் மலைச்சரிவெல்லாம் ரேம்ப் என்கிற காட்டுக்கீரை முளைக்கும். வெங்காயமும் பூண்டும் கூடிப் பெற்ற பிள்ளை அது. பன்றிக்கொழுப்பில் வதக்கி மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டுப் பிள்ளைகள் பஸ் ஏறும். நாற்றம் தாங்காமல் ஜன்னலை எல்லாம் திறந்துவிட்டு, குளிரில் நடுங்கிக்கொண்டு, அத்தனை பேரையும் திட்டிக்கொண்டே ஓட்டுவாள். அந்தத் திட்டு பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அதில் விஷம் கிடையாது.

விஷமுள்ள கோபம் ஒன்றும் அவளிடம் இருந்தது. அது வேறு கணக்கு.

ஜூனிக்கு எட்டு வயது. பிறவியிலேயே தசைகளுக்குப் பலமில்லாத வியாதி. சக்கர நாற்காலியில்தான் இருப்பாள். மூச்சு விடுவதற்குக் கழுத்தில் ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். பகலில் அந்தக் குழாயின்மேல் சின்ன மூடி ஒன்றைப் போட்டுக்கொண்டு வாயாடுவாள். அம்மா பெண் ஆயிற்றே, வாய்க்கு மட்டும் வியாதி வரவில்லை. ராத்திரி மிஷின் மூச்சு. தூக்கத்தில் குழாயில் சளி அடைத்தால் அவளால் கத்த முடியாது, தட்டி எழுப்ப முடியாது. பக்கத்தில் விழித்திருக்கிற ஆள் உடனே சளியை உறிஞ்சி எடுக்கவேண்டும். எடுக்காவிட்டால் விடிவதற்குள் பிள்ளை இருக்காது. ஆகவே ராத்திரிக்கு ஒரு நர்ஸ். பெயர் டீனா. கனத்த உடம்பு, கனத்த குரல், தூங்காத கண். டீனா வந்து நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்த பிறகுதான் மார்லா கண்ணை மூடுவாள். கண்ணை மூடினால்தான் காலையில் ஊரார் பிள்ளைகளை மலைமேல் ஏற்றி இறக்க முடியும்.

இந்த டீனாவுக்குச் சம்பளம் யார் கொடுப்பது? ராய்ஸ் மரமில்லில் வேலை செய்கிறான். மில்லில் இன்சூரன்ஸ் உண்டு. மாதாமாதம் கூலியில் பெரிய துண்டாகப் பிடித்துக்கொள்கிறார்கள். முதலாளி ஸ்டட்லர் அந்தத் திட்டத்தை எப்படித் தேர்ந்தெடுத்தார் என்று நினைக்கிறீர்கள்? கடையில் ஆணி வாங்குகிற மாதிரிதான். எது மலிவோ அது. மருத்துவமனை டாக்டர் ஜூனிக்கு ராத்திரி நர்ஸ் கட்டாயம் என்று எழுதிக் கொடுத்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவேண்டுமே! மார்லா அந்த இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டாள். வெகுநேரம் வாத்தியம் வாசித்துவிட்டு ஒரு பெண் குரல் எடுத்தது.

"மேடம், இது மருத்துவம்ல வராதுங்க. கூட இருந்து பாத்துக்கற வேலைன்னுதான் வருது. அதை வீட்டு ஆளுங்களே செய்யலாம்."

"செய்யலாம். வீட்டு ஆளுங்க எப்பத் தூங்கலாம்?"

"அது எங்க திட்டத்துல வராதுங்க மேடம்."

"தூக்கம் வராதா, குழந்தை வராதா?"

"வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?"

போனை அடுப்புமேல் வீசினாள். அது உடைந்தது. புதுப் போன் வாங்கிய காசும் அந்தக் கம்பெனிக் கணக்கில்தான் சேரவேண்டும் என்பாள்.

கடைசியில் கைகொடுத்தது மாநில அரசின் மருத்துவக் கார்டு. ஜூனி மாதிரிப் பிள்ளைகளுக்கென்றே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அப்பா அம்மா எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்று அது பார்க்காது. பிள்ளை பேரில் இரண்டாயிரம் டாலருக்குமேல் சொத்து இருக்கக்கூடாது, அவ்வளவுதான். சக்கர நாற்காலியில் கிடக்கிற எட்டு வயசுப் பெண் பேரில் ஒரு டாலர் கூடிவிட்டால் அவள் பணக்காரி. பணக்காரிக்கு அரசாங்கம் எதற்கு மூச்சு வாங்கிக் கொடுக்கவேண்டும்? இந்தச் சட்டத்தை எழுதியவன் நிம்மதியாகத் தூங்குகிறான் என்றுதான் நினைக்கிறேன். அவனுக்கு நர்ஸ் தேவையில்லை.

ஆனால் கார்டு இருப்பதை ஊரில் வெளியே சொல்ல முடியாது. ஸ்பைசர் கிரீக்கில் திருடி மாட்டியவனுக்குக்கூட ஒரு கௌரவம் உண்டு, கார்டில் பிழைக்கிறவனுக்குக் கிடையாது. காலை நேரத்தில் பெட்ரோல் பங்க் காபிக்கடையில் உட்கார்ந்துகொண்டு, "கார்டு கும்பலுக்கு என்ன, நோகாம நோம்பு கும்பிடுது" என்று சிரிப்பார்கள். எல்லாரும் சிரிப்பார்கள். ராய்ஸும் சேர்ந்து சிரிப்பான், பாவம், சிரிக்காவிட்டால் சந்தேகம் வருமே! மார்லா ஜூனியின் மருந்தை வாங்க அடுத்த மாவட்டம்வரை போய்வருவாள். நர்ஸ் சம்பளம் எப்படி என்று யாராவது கேட்டால், "மில் இன்சூரன்ஸ் தருது. நல்ல இன்சூரன்ஸ்" என்று சொல்லி வைத்திருந்தாள். அதனால் ஊரில் ஸ்டட்லருக்கு ரொம்ப நல்ல பேர்.

விருந்து வேண்டாம் என்றவள் மனசு மாறியது அந்தக் குளிர்காலத்தின் கடைசிப் பனியில். பெண்ணையும் நாற்காலியையும் மிஷினையும் தூக்கித் தூக்கிப் பழைய காரில் ஏற்றி அவள் இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஒருநாள் ஆஸ்பத்திரி வாசலில் கால் வழுக்கி, ஜூனியோடு பனியில் விழுந்தாள். குழாய் நழுவவில்லை, கடவுள் புண்ணியம். எழுந்ததும் ஜூனி மூடியைச் சரிசெய்துகொண்டு, "அம்மா, நீ பஸ் மட்டும் ஓட்டு. என்னை ஓட்டாத" என்றாள். மார்லா சிரித்தாள். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். சாயங்காலம் ஹோபர்ட்டுக்குப் போன் போட்டாள்.

"மாமா. நாற்காலியோட ஏத்துற மாதிரி வேன் வேணும். விருந்து வைங்க. ஆனா யாரும் என் முன்னாடி வந்து ஐயோ பாவம்னு முகத்தை வச்சுக்கக் கூடாது."

"சரிம்மா."

"மேடையில தூக்கிக் காட்டற அந்தப் பெரிய அட்டைச் செக்கெல்லாம் கூடாது."

"அதை ஏற்கெனவே அச்சடிக்கக் கொடுத்தாச்சேம்மா..."

ஏப்ரலில் தீயணைப்பு நிலையத்து வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே நீள மேஜைகள் போட்டார்கள். ரேம்ப் போட்டு வதக்கிய உருளைக்கிழங்கு, பன்றித் தொடைக்கறி, வெந்த பீன்ஸ், சோள ரொட்டி. ஒரு வேட்டைத் துப்பாக்கிக்குக் குலுக்கல் சீட்டு. சாலையின் வளைவுவரைக்கும் வண்டி நின்றது. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தெல்லாம் வந்தார்கள். ஒரு கிழவர் தட்டுக்கு உண்டான காசைக் கொடுத்துவிட்டு, மறுபடியும் வரிசையில் போய் நின்று, சாப்பிடாமலே இன்னொரு தட்டுக்குக் காசு கொடுத்தார். மார்லா அதைப் பார்த்தாள். இந்த ஊரை எத்தனை திட்டியிருக்கிறோம் என்று நினைத்தாள். ஜூனி மேடையில் அட்டைச் செக்கை மடியில் வைத்துக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். பதினோராயிரம் டாலருக்குக் கொஞ்சம் மேலே சேர்ந்திருந்தது.

இனிமேல்தான் விஷயம். தீயணைப்புப் படைக்கு ஒரு விதி உண்டு. முன்பு ஒரு தடவை, வீடு எரிந்த குடும்பத்துக்காக விருந்து வைத்துச் சேர்த்த பணத்தை, படையின் கணக்கில்தான் போட்டிருந்தார்கள். அப்போதிருந்த பொருளாளர் அதை எடுத்துக்கொண்டு போய்ச் சூதாட்ட விடுதியில் விட்டுவிட்டு வந்தான். அந்த அவமானத்துக்குப் பிறகு கூட்டம் போட்டு முடிவு செய்தார்கள்: விருந்துப் பணம் படையின் கணக்கில் ஒரு ராத்திரிகூடத் தங்கக்கூடாது, யாருக்காக விருந்தோ அவர் பேரிலேயே பேங்கில் போடவேண்டும், அப்பா அம்மா பேரில்கூடக் கூடாது. ஹோபர்ட் சுத்தமான மனுஷன். விருந்து முடிந்த மறுநாளே ராய்ஸிடம் வந்து ஜூனியின் அரசாங்க அடையாள எண்ணை வாங்கிக்கொண்டு போய், அத்தனையையும் ஜூனி பேரில் கட்டிவிட்டார். பழைய வேன் ஒன்று சல்லிசாக வருகிறவரைக்கும் பத்திரமாகக் கிடக்கட்டும் என்று நினைத்தார்.

பத்திரமாகத்தான் கிடந்தது. பேங்கில் கிடப்பதை அரசாங்கத்துக் கம்ப்யூட்டர் தானே மோப்பம் பிடித்துவிடும் என்று ஹோபர்ட்டுக்கு எப்படித் தெரியும்? இந்த வீட்டில் கார்டு ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாதே!

கடிதம் வந்தது. ஜூனியின் கார்டு ரத்து. மார்லா அதை நின்றுகொண்டே படித்தாள். ராய்ஸ் மேஜையில் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"ஜூனியோட நம்பரை யாருக்குக் கொடுத்த?"

"யாருக்கும் இல்ல. சித்தப்பா கேட்டாரு. பேங்க்ல வேணுமாம்."

"ராய்ஸ்."

"என்ன?"

"இரண்டாயிரம். இரண்டாயிரத்துக்கு மேல இருக்கக்கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"நீ சொன்னதே இல்ல மார்லா. காகிதமெல்லாம் நீயே பாத்துக்குவ. நான் கேட்டா, விடு நான் பாத்துக்கறேன்னு சொல்லுவ."

அது உண்மை. அதனாலேயே அவளுக்கு ஆத்திரம் இன்னும் பொங்கியது. கையில் கிடைத்த தட்டைச் சுவரில் அடித்தாள். ராய்ஸ் துடைப்பத்தை எடுத்தான்.

மறுநாள் பஸ்ஸை நிறுத்திவிட்டு அப்படியே மாவட்ட அலுவலகத்துக்குப் போனாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் டோரீன் என்ற பெண்மணி இருந்தாள். மார்லாவோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவள்.

"அந்தப் பணத்தை இன்னிக்கே திருப்பிக் கொடுத்துடறேன். கார்டைத் திரும்பப் போடு."

"திருப்பிக் கொடுக்கக் கூடாது மார்லா. கொடுத்தா சொத்தை மறைச்ச மாதிரி ஆயிடும். அதுக்குத் தனித் தண்டனை."

"அப்ப வேன் வாங்கிடறேன்."

"வாங்கலாம். பதினோராயிரத்துக்கு அந்த மாதிரி வேன் கிடைக்குமா?"

கிடைக்காது. அதற்கு மேலும் இரண்டு மடங்கு வேண்டும். மில் ஆட்கள் சும்மா வேலை செய்து தருவதாகச் சொன்னார்கள், பழைய வேனை வாங்கி நாற்காலியை ஏற்றுகிற லிஃப்டை அவர்களே பொருத்துவதாக இருந்தது. அந்தப் பழைய வேன் இன்னும் அமையவில்லை, ரசீது இல்லாத வேலையை அரசாங்கமும் ஒத்துக்கொள்ளாது.

"அப்ப நான் என்னதான் செய்யறது?"

"பிள்ளைக்காகச் செலவு பண்ணு. ரசீது வை. இரண்டாயிரத்துக்குக் கீழ வந்ததும் புதுசா மனு போடு."

"மனு போட்டா?"

"மூணு மாசம் ஆகும். இப்ப ஆளு குறைவு."

"மூணு மாசம் ராத்திரி அவ பக்கத்துல யாரு உக்காருவா? நீ வர்றியா?"

டோரீன் தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கு மட்டும் இது பிடிச்சிருக்குன்னா நினைக்கிற?" என்றாள் மெதுவாக. மார்லா கண்ணாடியில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். கண்ணாடி உடையவில்லை, மார்லா மாதிரி ஆட்கள் வருவார்கள் என்று தெரிந்தே கெட்டியாகப் போட்டிருந்தார்கள். காவலாள் வந்து அவளை மரியாதையாக வெளியே கூட்டிக்கொண்டு போனான்.

டீனாவை அனுப்புகிற நிறுவனத்தில் கேட்டாள். அங்கே இன்னொரு வேடிக்கை. கார்டு வைத்திருப்பவனுக்கு ஒரு விலை, கையில் காசு வைத்திருப்பவனுக்கு வேறு விலை. காசு வைத்திருப்பவனுக்குத்தான் ஏறக்குறைய இரண்டு பங்கு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்! வேறு வழி? ஊர்க்காரர்கள் பீன்ஸ் கிண்டி, ரொட்டி சுட்டு, துப்பாக்கிச் சீட்டு விற்றுச் சேர்த்த பணத்தை எடுத்து, அந்தப் பணம் வந்ததாலேயே பறிபோன நர்ஸுக்குக் கட்டினாள். இதைவிடக் கேவலமான கூத்து உண்டா? நடுவில் ஒரு ஆஸ்பத்திரிச் செலவும் சேர்ந்துகொண்டது. கோடை முடிவதற்குள் அத்தனையும் ஆற்றில் கரைத்த புளி ஆயிற்று.

பணம் இரண்டாயிரத்துக்குக் கீழே வந்தது. மனு போட்டாள். இப்போது பணமும் இல்லை, கார்டும் இல்லை. நிறுவனம் டீனாவை நிறுத்திவிட்டது. டீனா சொந்தமாகவே சில ராத்திரி வந்து உட்கார்ந்தாள்.

"இது தெரிஞ்சா எனக்கு வேலை போயிடும் மார்லா."

"தெரியும். வராத."

"நீ என்ன மனுஷியா, எருமையா? எத்தனை நாள் தூங்கல?"

"எருமைன்னா நின்னுக்கிட்டே தூங்கும். எனக்கு அதுக்கும் வழியில்ல."

டீனாவுக்கும் வீட்டு வாடகை இருக்கிறது. எத்தனை நாளைக்குச் சும்மா வருவாள்? ஒஹாயோவில் வேலை கிடைத்தது, போய்விட்டாள். போகும்போது ஜூனியைக் கட்டிக்கொண்டு அழுதாள். ராய்ஸும் மார்லாவும் ராத்திரியைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மில்லில் ரம்பத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவன் அவன். அவனுக்குப் பெரிய பாதித் தூக்கம் கொடுத்துவிட்டு மிச்சத்தை அவள் வைத்துக்கொண்டாள்.

செப்டம்பரில் பள்ளிக்கூடம் திறந்தது. ஒருநாள் காலை, மேல்வளைவு ஏறும்போது, பஸ் நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு மார்லா கண் அசந்துவிட்டாள். ஒரு பெண்பிள்ளை, "மிஸ் மார்லா!" என்று வீறிட்டது. கண்ணைத் திறந்தால் முன் சக்கரம் சரளைக்கல்லில், அதற்கு அப்பால் வெறும் மரங்களின் உச்சி. ஒடித்துத் திருப்பினாள். ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, நேராக அலுவலகத்துக்குள் போய்ச் சாவியை மேஜைமேல் வைத்தாள். யாரும் கேட்கவில்லை. அவளேதான் வைத்தாள். வெளியே வந்து பஸ்ஸின் டயரை ஓங்கி உதைத்தாள். கால் கட்டைவிரல் வீங்கியது.

இலையெல்லாம் உதிர்ந்த பிறகு கார்டு திரும்ப வந்தது. டீனா வரவில்லை. வேறு நர்ஸ் வாரத்துக்கு மூன்று ராத்திரிதான் கிடைத்தாள். மிச்ச ராத்திரிக்கு ஆள் இல்லை, மலைமேல் வர ஒருத்தரும் ஒத்துக்கொள்ளவில்லை. பஸ்ஸை வேறு ஒருத்தன் ஓட்டினான்.

இதற்குள் ஊர் பேச ஆரம்பித்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வேன் எங்கே? அத்தனை பணம் எங்கே போயிற்று? மார்லா ஏன் வேலையை விட்டாள், வசதி வந்துவிட்டதோ? குடிக்கிறாளாமே, பஸ்ஸை அதனால்தான் பிடுங்கிவிட்டார்களாம். இது கடைசியில் அவள் காதுக்கே வந்தது, அதுவும் ஜூனி மூலமாக. பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் கேட்டானாம்.

"அம்மா, என் பணத்தை நீ குடிச்சிட்டியா?"

அன்றைக்கு மாலை தீயணைப்புப் படையின் மாதக் கூட்டம். மார்லா ஜூனியின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். பின்னால் மிஷினைத் தூக்கிக்கொண்டு ராய்ஸ். கூடம் நிறைய ஆட்கள். பாதிப் பேர் மில் ஆட்கள், அவர்கள் பெண்டாட்டிகள்.

"என் பொண்ணு பணத்தை நான் குடிச்சேன்னு சொன்னது யாரு?" என்று கேட்டாள். "எந்திரிங்க. மூஞ்சியைப் பாக்கணும்."

ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

"சரி. அப்ப நானே சொல்றேன். என் பொண்ணுக்குக் கார்டு இருக்கு. பொறந்ததுலேருந்து இருக்கு. நீங்க பங்க்ல உக்காந்து சிரிப்பீங்களே, அந்தக் கார்டு கும்பல், அது நாங்கதான். அவ பேர்ல இரண்டாயிரத்துக்கு மேல இருந்தா கார்டு போயிடும். நீங்க பதினோராயிரம் போட்டீங்க. கார்டு போச்சு. நர்ஸ் போனா. உங்க பணத்தை அந்த நர்ஸுக்கே கொட்டினேன். அதுவும் தீந்துது. தூக்கம் போச்சு. உங்க பிள்ளைங்களைப் பள்ளத்துல தள்ள இருந்தேன். வேலையை விட்டேன். குடிச்சிருந்தாக்கூட இதைவிட நிம்மதியா இருந்திருப்பேன்!"

ஹோபர்ட்டின் முகம் சாம்பலாகிவிட்டது. "பேங்க்ல போட்டது நான்மா," என்றார். "நான்தான் போட்டேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருக்கலாம். வெக்கம். உங்களுக்குத் தெரியாதா நம்ம ஊரு வெக்கம்?"

ஹோபர்ட் அழுதேவிட்டார். கைக்குட்டையால் மூக்கைச் சிந்திக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் சொன்னார். "இன்னொரு விருந்து வைப்போம் மார்லா. வர்ற ஏப்ரல்லயே. விதியை மாத்திடுவோம். ஜூனி பேர்ல வேணாம். நம்ம ஆளு யாராவது ஒருத்தர் பேர்ல போட்டு வைப்போம். கையைத் தூக்குங்கப்பா, யார் பேர்ல போடலாம்?"

கை எழவில்லை.

"என்னப்பா? வேன் வாங்கற வரைக்கும்தானே! லான்னி, உன் பேர்ல?"

லான்னி மில்லில் மரம் இறக்குகிறவன். ஷூவைப் பார்த்துக்கொண்டு, "என் பேரு வேணாம் ஹோபர்ட். கொஞ்சம் சிக்கல் இருக்கு" என்றான். அவனுக்குப் பக்கத்தில் இருந்தவள், "எங்க வீட்லயும் இப்ப வேணாம்" என்றாள். இன்னொருத்தன் இருமினான். அடுத்தவன், பேங்க்காரனோடு தனக்குத் தகராறு என்றான்.

"சரி, விடுங்க. என் பேர்லயே..." என்று ஆரம்பித்த ஹோபர்ட் பாதியில் நின்றுவிட்டார். வாய் திறந்தபடி இருந்தது.

மார்லாவுக்கு இந்தச் சாக்குகளெல்லாம் அத்துப்படி. எட்டு வருஷமாக அவளே சொல்லிவந்த சாக்குகள். ஹோபர்ட்டின் முகத்தையே பார்த்தாள்.

"அத்தைக்கா மாமா?" என்று கேட்டாள்.

"டயாலிசிஸ்," என்றார். "வாரத்துல மூணு நாள். கார்டு இல்லாட்டி முடியாது. ரெண்டு பேருக்கும் சேத்து மூவாயிரத்துக்கு மேல இருக்கக் கூடாதாம்." கைக்குட்டையை மடித்து மடித்துச் சின்னதாக்கினார். "பங்க்ல நானும்தான் சிரிச்சேன்."

அதற்கப்புறம் அவிழ்த்துவிட்ட மூட்டை மாதிரிக் கொட்டிற்று. லான்னியின் பையனுக்கு வலிப்பு. இருமியவனின் அம்மா படுத்த படுக்கை. பேங்க்காரனோடு தகராறு என்றவனுக்குப் பேங்க்கில் கணக்கே இல்லை, பெண்டாட்டிக்குப் புற்றுநோய். அத்தனை பேரும் மருந்து வாங்க வேறு வேறு மாவட்டத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் மில் இன்சூரன்ஸ் நல்ல இன்சூரன்ஸ் என்று அடுத்தவனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"ஸ்டட்லர் பேர்ல போடலாம்," என்றான் லான்னி. "அந்தாளு பேர்ல எத்தனை லட்சம் கிடந்தாலும் ஒண்ணும் ஆகாது."

யாரும் சிரிக்கவில்லை.

மார்லா இங்கே வரும்போது இந்தக் கூட்டத்தைப் பொசுக்கிவிடுகிற வெறியோடு வந்தாள். வெறி இப்போதும் அப்படியே இருந்தது. ஆனால் அதை இந்த ஆட்கள்மேல் கொட்ட அவளுக்கு மனசு வரவில்லை.

"கூலியில பிடிக்கறான்," என்றாள். "மாசாமாசம் பிடிக்கறான். பிடிச்சிட்டு, நம்ம பிள்ளைங்களை அரசாங்கத்துத் தலையில கட்டிட்டான். நாம என்ன பண்ணோம்? உங்ககிட்ட நான் மறைச்சேன். என்கிட்ட நீங்க மறைச்சீங்க. அவனுக்கு நல்ல பேரு. விருந்து வேணாம் மாமா. என் பொண்ணுக்காக இனிமே யாரும் ஒரு பீன்ஸ் வேக வைக்க வேணாம். அவன் மில்லு எத்தனை மணிக்குத் திறக்குது?"

மில் எப்போது திறக்கும் என்று அந்தக் கூடத்தில் தெரியாதவர் ஒருத்தரும் கிடையாது. மறுநாள் விடியற்காலை மில் வாசலில் அவள் ஜூனியின் நாற்காலியோடு போய் நின்றாள். முதலில் வந்தவர் ஹோபர்ட். கூட்டத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் வரவில்லை. வேலை போய்விடும் என்ற பயம், குற்றம் சொல்ல முடியாது. மிச்சப் பாதி வந்து நின்றது. வேலை ஆரம்பிக்கச் சங்கு ஊதியது. ராய்ஸும் லான்னியும் இன்னும் பல பேரும் உள்ளே போகவில்லை.